பின்னிருக்கையின் அவசரம்

பாளையங்கோட்டையில் நாம் குடியிருக்கும் தெரு பெரிய சாலையைத் தொடும் இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில் ஆறேழு வாடகைக் கார்களும் இரண்டு வேன்களும் எப்போதும் நிற்கும். மாலை நடைக்குச் செல்லும் வழியில் அந்த ஓட்டுநர்களோடு சிறிது நேரம் பேசி நிற்பது நமக்குப் பல்லாண்டுப் பழக்கம். முன்பெல்லாம் அவர்கள் பேச்சு டீசல் விலை, சுங்கச்சாவடிக் கட்டணம், வண்டிக் கடனின் மாதத் தவணை, பிள்ளைகளின் படிப்பு என்று சுற்றிவரும். அண்மை ஆண்டுகளில் வேறொரு பேச்சு அவற்றையெல்லாம் முந்திக்கொண்டுவிட்டது. "நேத்து எனக்கு ஒரு போட்டோ விழுந்துட்டு" என்று ஒருவர் தொடங்குவார். "எங்க, நாலு வழிச் சாலையிலயா, டவுனுக்குள்ளயா?" என்று மற்றவர் கேட்பார். புதிதாகக் கேட்பவர் ஏதோ திருமணப் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். வேக வரம்பை மீறிய வண்டியைச் சாலையோரக் கேமரா படம் பிடித்துவிடுவதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

அபராதம் ஓட்டுநர் வாழ்வில் புதிதன்று. முன்பு சாலை வளைவில் காவலர் கைகாட்டி நிறுத்துவார். ரசீது கிடைக்கும் நாளும் உண்டு; கிடைக்காத நாளும் உண்டு. ஆயினும் அங்கே முகத்துக்கு முகம் ஒரு பேச்சு இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி சார்" என்று ஓட்டுநர் சொல்லலாம். உள்ளே இருப்பவர்களைக் காவலர் குனிந்து பார்க்கலாம். இப்போது யாரும் நிறுத்துவதில்லை. வண்டி தன் போக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பயணிகள் இறங்கிப் போய்விடுகிறார்கள். சில நாள் கழித்து வண்டி உரிமையாளரின் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுகிறது: இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம், இவ்வளவு வேகம், இவ்வளவு அபராதம். கூடவே வண்டியின் முகமும் எண் பலகையும் தெளிவாகத் தெரியும் ஒரு படம்.

அந்த வேன் ஓட்டுநர்களுள் ஒருவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. வண்டி அவருடையதன்று, மாதச் சம்பளமும் பயணத்துக்குப் பயணம் படியும் பெறுபவர். சென்ற ஆண்டு மதுரையில் நடந்த ஒரு திருமணத்திற்குப் பெண் வீட்டாரை ஏற்றிச் சென்றார். காலை 6 மணிக்குப் புறப்படுவதாகப் பேச்சு. அவர் 5.45-க்கே வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். ஒப்பனை செய்ய வந்தவர் தாமதம், பூ வாங்கப் போனவர் தாமதம், வெளியூர் மாமா குளித்து முடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, வண்டி நகர்ந்தபோது மணி 7.20. கோயிலில் திருமணத் திருப்பலி 10 மணிக்கு. கங்கைகொண்டான் தாண்டியதிலிருந்தே பின்னாலிருந்து குரல்கள். "அண்ணாச்சி, கொஞ்சம் வெரசாப் போங்க." "ரோடு காலியாத்தான கெடக்கு." "முன்னால போற அந்த வண்டியப் பிடிங்க அண்ணாச்சி." கோவில்பட்டியில் ஒரு சிறுவனுக்காக நிறுத்தியதில் பத்து நிமிடம் போயிற்று. குரல்கள் இன்னும் கூடின. அவர் வண்டியைப் பத்துமணிக்கு முன்பே கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். எல்லாரும் பாராட்டினார்கள். பந்தியில் அவருக்கு நல்ல உபசாரமும் நடந்தது.

பதினொரு நாள் கழித்து உரிமையாளர் கூப்பிட்டுக் கைப்பேசியைக் காட்டினார். வரம்பைவிட 17 கிலோமீட்டர் கூடுதல். அபராதம் 1000 ரூபாய். உரிமையாளர் சத்தம் போடவில்லை. அந்த மாதப் படிக் கணக்கில் 1000 ரூபாயைக் கழித்துக்கொண்டார், அவ்வளவுதான். "பெண் வீட்டாரிடம் சொல்லிப் பார்த்தீர்களா?" என்று கேட்டோம். அவர் நம்மைப் பார்த்த பார்வையில் கேள்வியின் அறியாமைக்கு ஒரு மன்னிப்பு இருந்தது. "கல்யாண வீட்டுக்குப் போயி, நீங்க வெரசாப் போகச் சொன்னீங்க, காசு குடுங்கன்னு எப்படி சார் கேக்க முடியும்? அடுத்த சவாரிக்குக் கூப்பிடுவாங்களா?" என்றார்.

1000 ரூபாய் அவருக்கு இரண்டு நாள் படி. அதைக் கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. அவரை உறுத்தியது மற்றொன்று. வேகக் குற்றம் இரண்டாம் முறை பதிவானால் ஓட்டுநர் உரிமத்தைப் பறிமுதல் செய்து, தகுதி நீக்கத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவருக்குக் கையில் வேறு தொழிலில்லை. "ஒரு தடவ ஆயிட்டு சார். இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்று அவர் சொன்ன குரலில், மருத்துவரிடம் சீட்டு வாங்கி வந்தவரின் அச்சம் இருந்தது.

இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வந்தது. 1988-இல் இயற்றப்பட்ட சட்டம் அது. வேக வரம்பை மீறுவதற்கான தண்டனையை அதன் 183-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய விதிப்படி, வேகமாக ஓட்டியவருக்கு முதல் முறை 400 ரூபாய் வரை; மறுமுறை 1000 ரூபாய் வரை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இலகு வாகனங்களுக்கு 1000 முதல் 2000 வரை என்றும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2000 முதல் 4000 வரை என்றும் உயர்த்தியது. தமிழ்நாட்டில் உயர்ந்த கட்டணம் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் ஓட்டுநர்கள் நன்கறிந்தவை. தொகைகளை அவர்கள் நம்மைவிடத் துல்லியமாகச் சொல்கிறார்கள்.

அவர்கள் அறியாத ஒன்று அதே பிரிவுக்குள் இருக்கிறது. வேகமாக ஓட்டியவரை மட்டும் அச்சட்டம் குற்றவாளி என்று சொல்லவில்லை. தம்மிடம் வேலை செய்பவரையோ தம் கட்டுப்பாட்டில் இருப்பவரையோ அப்படி ஓட்டும்படி செய்தவரையும் சொல்கிறது. பழைய விதியில் ஓட்டியவருக்கு 400, ஓட்டச் செய்தவருக்கு 300 என்று தண்டனையில் ஒரு சிறு வேறுபாடு இருந்தது. 2019-இல் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டார்கள். இருவருக்கும் ஒரே தண்டனை. அதற்கும் மேலே ஓர் உட்பிரிவு உண்டு. ஒரு பயணத்தையோ அதன் ஒரு பகுதியையோ இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று கால அட்டவணை வெளியிட்டாலும் கட்டளையிட்டாலும், வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிப்பது இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையும் கட்டளையுமே அவற்றைத் தந்தவருக்கு எதிரான முதல்நிலைச் சான்று ஆகும்.

இதைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று மூடிவைத்து எண்ணிப் பார்த்தோம். "எட்டு மணிக்குள்ள அங்க இருக்கணும்" என்று சொல்லும் ஒரு வாயை, சட்டம் எழுதியவர்கள் கண்முன்னே நிறுத்தி எழுதியிருக்கிறார்கள். வண்டி ஓட்டும் காலுக்குப் பின்னால் ஒரு நாக்கு இருப்பதை அவர்கள் மறக்கவில்லை. ஆயினும் வேப்பமரத்தடியில் கூடும் அத்தனை பேரிலும், தம் முதலாளி இப்பிரிவின்படி அபராதம் கட்டியதாகச் சொல்ல ஒருவருமில்லை. கேமரா எண் பலகையைப் பார்க்கிறது. பின்னிருக்கையின் பேச்சு அதன் செவியில் விழுவதில்லை.

கேமராவைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஓட்டுநர்களில் பலர் அதை ஒரு வகையில் வரவேற்கவே செய்கிறார்கள். பேரமில்லை, கெஞ்சலில்லை, கைமாற்றில்லை. பளபளக்கும் வெளிநாட்டுக் காரும் பழைய அம்பாசிடரும் அதற்கு ஒன்றே. விதிகளும் பெரும்பாலும் நேர்மையாகவே எழுதப்பட்டுள்ளன. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட ஒரு விதி, கருவி இருக்கும் பகுதிக்கு முன்னே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்கிறது. கருவிக்கு ஆண்டுதோறும் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. அதற்கும் நெடுநாள் முன்பே, கருவியின் துணையில்லாமல் ஒரே ஒரு சாட்சி "இந்த வண்டி வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது" என்று சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருந்தது. கண்ணின் மதிப்பீடு எவ்வளவு ஏமாற்றும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய சொல் அது.

வேகக் கேமராவின் பிறப்பைப் பற்றி ஒரு வேடிக்கையான உண்மை உண்டு. மாரிஸ் கட்சோனிடஸ் என்ற டச்சுக்காரர் ஒரு கார்ப் பந்தய வீரர். 1953-இல் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தம் கார் எவ்வளவு வேகம் இழக்கிறது என்று அளந்து, இன்னும் விரைவாக ஓட்டுவதற்காகவே அவர் ஒரு கருவியை அமைத்தார். பின்னாளில் அவருடைய நிறுவனத்தின் கேமராக்கள் உலகெங்கும் சாலையோரங்களில் நின்று பிறருடைய வேகத்தைப் பிடிக்கலாயின. விரைந்து செல்லக் கண்ட வழியே விரைவுக்கு விலங்காயிற்று.

வேகத்துக்கான முதல் அபராதங்களுள் ஒன்று இங்கிலாந்தில் விதிக்கப்பட்டது. 1896 ஜனவரியில் கென்ட் மாவட்டத்து ஊர் ஒன்றில், வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டிச் சென்றார். அக்காலச் சட்டப்படி ஊருக்குள் வரம்பு 2 மைல். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ஷில்லிங். அவர் கார் விற்பனை செய்பவர் ஆதலால், அந்த வழக்கு அவருக்கு நல்ல விளம்பரமாகவும் அமைந்ததாம். அன்று ஓட்டியவரும் அவர்தாம், வண்டியும் அவர் கையிலிருந்ததுதான், அவசரமும் அவருடையதுதான். அபராதம் யார் தலையில் விழவேண்டும் என்பதில் குழப்பமே எழவில்லை. வண்டி ஒருவருடையது, கை மற்றொருவருடையது, அவசரம் மூன்றாமவருடையது என்று ஆனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அந்த மூன்றாமவரின் அவசரம் உண்மையில் எவ்வளவு பெறுமானம் உள்ளது? நாம் ஒரு நாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் சீராகப் போனால் இரண்டு மணி நேரம். 100 கிலோமீட்டரில் போனால் 96 நிமிடம். ஆக, வழியெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தால் மிஞ்சுவது 24 நிமிடம். சுங்கச்சாவடி வரிசையும் மதுரை நகர நெரிசலும் அதிலும் பாதியை எடுத்துக்கொள்ளும். மாமா குளித்து முடிக்கும் நேரத்துக்குக் கூட அது ஈடாகாது.

அந்த 24 நிமிடத்துக்குக் கொடுக்கும் விலையையும் கணக்கிடலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. முன்னே ஓர் ஆடு குறுக்கிட்டதைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடி ஆகும். உலர்ந்த நல்ல சாலையில் 80-இல் வரும் கார் ஏறக்குறைய 60 மீட்டரில் நின்றுவிடும். 100-இல் வரும் காருக்கு 80 மீட்டரும் போதாது. இன்னும் ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்தது. முதல் கார் முழுவதும் நின்றுவிடும் அந்த இடத்தை இரண்டாம் கார் கடக்கும்போது, அதன் வேகம் அப்போதும் 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றால், முதல் காரில் அவர் தப்பித்தார். இரண்டாம் காரில் அவர் பிழைப்பது அரிது.

இது வெறும் கணக்கன்று. அந்த நான்கு வழிச் சாலை பாலைவனத்தில் போடப்பட்டதில்லை. கயத்தாறும் சாத்தூரும் விருதுநகரும் அதன் ஓரத்தில் வாழ்கின்றன. வயலுக்குப் போகும் பெண்கள் நடுத்திட்டின் இடைவெளிகளில் காத்து நிற்கிறார்கள். ஆகஸ்டு 15-க்கு முந்தைய நாள்களில் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா கோயிலை நோக்கி நம் மக்கள் சாலையோரமாகக் கூட்டங்கூட்டமாக நடக்கிறார்கள், பலர் இரவில், பலர் வெறுங்காலோடு. தை மாதத்தில் திருச்செந்தூருக்கு நடப்பவர்களும் அப்படியே. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்குக் காரணமாக அளவுமீறிய வேகம் குறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் மாநிலமே முதலிடம். ஆகவே வேக வரம்பு வேண்டாம், அபராதம் வேண்டாம் என்று எந்த ஓட்டுநருக்காகவும் நாம் வாதாட முடியாது. அந்த வேன் ஓட்டுநரும் அப்படி வாதாடவில்லை. "தப்புதான் சார். ஆனா என் தப்பு மட்டுமா?" என்பதே அவர் கேள்வி.

திருமண வீடு ஆண்டுக்கொரு முறை வருவது. அன்றாடம் நேரத்தை விற்றே நடக்கும் தொழில்களை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியில் கரையேறும் மீன், விடிவதற்கு முன் தொலைவிலுள்ள சந்தைகளில் ஏலத்துக்கு நிற்கவேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் விலை இறங்கும். செய்தித்தாள் வண்டியை இரவுச் சாலையில் கண்டால் லாரி ஓட்டுநர்களே ஒதுங்கி வழிவிடுகிறார்கள். பால் வண்டியும் அதற்கு இளைத்ததன்று. தனியார் பேருந்துகளில் முன்னே போகும் பேருந்துக்கும் பின்னே வருவதற்கும் நடுவே சில நிமிடங்களே. அந்த நிமிடங்களுக்குள்தான் வசூல், வசூலை ஒட்டித்தான் படி. நகரங்களில் மளிகையைப் பத்தே நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதாக விளம்பரம் செய்த நிறுவனங்களையும் கண்டோம். இவற்றுள் சிலவேனும், சட்டம் சொன்ன அந்தக் 'கால அட்டவணை'யின் வரம்புக்குள் வரத்தக்கவை என்பது நம் கருத்து. ஆனால் சலான் வந்து விழுவது இருசக்கர வாகனத்தில் பை சுமக்கும் பையனின் கைப்பேசியில்.

வேப்பமரத்தடியில் கேட்ட இன்னொரு செய்தி, இவையனைத்தையும்விட நம்மை வருத்தியது. ஒரு செல்வர் வீட்டில் கார் ஓட்டும் இளைஞர். வயது முப்பதுக்குள். அவ்வீட்டு மகன் கல்லூரி மாணவன். இரவில் தானே காரை எடுத்துச் சென்றபோது வேகக் கேமராவில் சிக்கிக்கொண்டான். அவன் பெயரில் முன்பே ஒரு பதிவு உண்டு. ஓட்டியவர் யார் என்று அதிகாரி கேட்டால் சொல்லவேண்டிய கடமை வண்டி உரிமையாளருக்கு உண்டு. சட்டத்தின் 133-ஆம் பிரிவு அது. தந்தை இளைஞரைக் கூப்பிட்டார். "தம்பி, உன் பேரைக் குடுத்துருதேன். பணம் நான் கட்டிருதேன். உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். இளைஞர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். "வேற என்னண்ணே செய்ய? தங்கச்சி கல்யாணத்துக்கு அவங்கதான் பணம் குடுத்தாங்க" என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். பணம் அந்தத் தந்தைதான் கட்டினார்; சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் உரிமத்தின் மீது விழுந்த முதல் கறை இளைஞருடையதாயிற்று. அடுத்த கறை அவருடைய சொந்தக் கையால் விழுந்தாலும், அது இரண்டாவதாகவே எண்ணப்படும்.

இப்படி ஒருவர் தண்டனையை மற்றொருவர் சுமப்பது நம் ஊரின் தனி வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனில் வேகக் குற்றத்துக்கு அபராதத்தோடு உரிமத்தில் தண்டனைப் புள்ளிகளும் ஏறும். மூன்றாண்டுக்குள் 12 புள்ளி சேர்ந்தால் பொதுவாக உரிமம் ஆறு மாதமேனும் போய்விடும். 2003-இல் கிறிஸ் ஹியூன் என்ற அரசியல் தலைவரின் கார் கேமராவில் சிக்கியது. அப்புள்ளிகளையும் ஏற்றால் அவர் உரிமம் இழக்க நேரும். அவர் மனைவி விக்கி பிரைஸ், பொருளியல் அறிஞர், தாமே ஓட்டியதாக எழுதிக்கொடுத்துப் புள்ளிகளைத் தம் மேல் ஏற்றுக்கொண்டார். பின்னர் கணவர் அமைச்சரானார்; இல்லறம் முறிந்தது; பழைய செய்தி வெளியே வந்தது. 2012 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். 2013 மார்ச்சில் நீதிமன்றம் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. சுமத்தியவர், சுமந்தவர் என்று அங்கே வேறுபாடு பார்க்கவில்லை. நம் இளைஞரின் கதையில் இருவரையும் ஒரே தட்டில் நிறுத்த நமக்கு மனம் வரவில்லை. மனைவி மறுத்திருக்க முடியும் என்று அந்த நீதிமன்றம் கருதியது. சம்பளத்துக்கும் தங்கையின் திருமணக் கடனுக்கும் நடுவே நிற்கும் ஓட்டுநர் எதைக்கொண்டு மறுப்பார்?

பின்லாந்தில் வேறொரு முறை. அங்கே பெரிய வேகக் குற்றங்களுக்கு அபராதம் ஒரே தொகையாக இல்லை. ஓட்டியவரின் ஒரு நாள் வருமானத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2002-இல் நோக்கியா நிறுவனத்தின் உயர் அலுவலர் அன்சி வான்யோக்கிக்கு 1,16,000 யூரோ விதிக்கப்பட்டது. அவர் வருமானம் குறைந்திருந்ததைக் காட்டியபின் அது பெரிதும் குறைக்கப்பட்டது. 2023-இல் ஆலந்து தீவுகளின் பெருஞ்செல்வர் ஆண்டர்ஸ் விக்லோஃப், 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 82-இல் போனதற்குக் கட்ட நேர்ந்தது 1,21,000 யூரோ. நம் நாட்டில் 1000 ரூபாய் அந்தச் செல்வர் வீட்டு மகனுக்கு ஒரு மாலைச் சிற்றுண்டி. நம் வேன் ஓட்டுநருக்கு இரண்டு நாள் உழைப்பு. ஒரே எண் என்பதால் அது ஒரே தண்டனை ஆகிவிடுமா? பின்லாந்து முறையை இங்கே அப்படியே நடவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. வருமானத்தைக் காகிதத்தில் காட்டாதவர் மிகுந்த நாட்டில் அது எங்கே போய் முடியும் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அபராதத்தைச் சொல்லாமல் மறைக்கும் உரிமையாளர்களும் உண்டு. செய்தி அவருடைய கைப்பேசிக்குத்தானே வருகிறது? ஓட்டுநருக்குத் தெரியாமலே சலான்கள் சேர்ந்துகொண்டிருக்கும். ஆண்டு முடிவில் எஃப்.சி. எடுக்கப் போகும்போது நிலுவையெல்லாம் ஒன்றாகத் தலைகாட்டும். அன்று ஓட்டுநரை அழைத்து, "பாரு, உன்னால இவ்வளவு" என்று மொத்தக் கணக்கை நீட்டுவார்கள். எந்த நாள், எந்தப் பயணம், யார் அவசரப்படுத்தினார்கள் என்று அவருக்கு நினைவு வருமுன் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிவிடும்.

சில மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு மருத்துவமனை வளாகத்தில் காத்திருந்தபோது, தம் சொந்தக் காரையே வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநர் ஒருவரைச் சந்தித்தோம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பேச்சு வழக்கம்போல் கேமராவுக்கு வந்தது. 183-ஆம் பிரிவின் செய்தியை அவரிடம் சொன்னோம். அவர் வியப்படையவில்லை. வண்டியின் முன் பெட்டியைத் திறந்து, நீண்ட வடிவக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. சேரவேண்டிய இடம், சேரவேண்டிய நேரம், புறப்படச் சொன்ன நேரம், உண்மையில் புறப்பட்ட நேரம். கடைசிக் கட்டத்தில் வாடகைக்கு எடுத்தவரின் கையொப்பம். இரண்டு சலான் கட்டிய பிறகு இந்த வழக்கத்தைத் தொடங்கினாராம். சட்டம் படித்துச் செய்ததில்லை. "பின்னால பேச்சு வரப்படாதுல்லா சார், அதுக்குத்தான்" என்றார்.

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். ஆண்கள், பெண்கள், பலவகைக் கையெழுத்துகள். ஓரிடத்தில் பெருவிரல் மை. சிலர் சிரித்துக்கொண்டே போடுவார்களாம்; சிலர் "எங்கள நம்பலையா?" என்று முகம் சுளிப்பார்களாம். சொன்ன நேரத்துக்கும் புறப்பட்ட நேரத்துக்கும் நடுவே கால்மணி, அரைமணி, முக்கால்மணி என்று இடைவெளி இல்லாத வரிகள் மிகக் குறைவு. ஒரு வரியில் நம் கண் நின்றது. மதுரை விமான நிலையம். புறப்படச் சொன்ன நேரம் 3.30. புறப்பட்ட நேரம் 4.35. கையொப்பம் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

"இவங்க போடலையா, தம்பி?"

"போட மாட்டேன்னுட்டாங்க சார். நூறுக்கு மேல போ, நூறுக்கு மேல போன்னு சத்தம். எண்பதத் தாண்ட மாட்டேன்னுட்டேன்."

"பிறகு விமானம்?"

"அது போயிட்டு சார்" என்றார். "திரும்பி வரும்போது ஒரு பேச்சும் இல்ல. வாடகைய எண்ணிக் குடுத்தாங்க. மாசம் மூணு சவாரி குடுக்கிற வீடு அது. இப்ப வேற வண்டி பிடிச்சுட்டாங்க."

உள்ளேயிருந்து அவருடைய சவாரிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் நோட்டை வாங்கி, பேனாவை மூடியைக் கழற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, கார்க் கதவைத் திறந்து நின்றார்.